ஐந்து பை நாய்ச்சாப்பாடு

என் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் நாலு பை நாய்ச்சாப்பாடு கிடக்கிறது. நாலும் வாய் திறந்தவை. ஒன்றும் முடியவில்லை. நாய் சாப்பிடுவது ஐந்தாவது பையில். அந்தப் பைக்கு வந்து சேர ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதமும் எனக்குப் புத்தி சொல்லாத ஆள் ஸ்காபரோவில் இல்லை.

நாய் என்னுடையது இல்லை. என் மகன் பிறம்ரனில் ரக் லொறி ஓடுகிறவன். தனிய இருக்க ஏலாமல் நாய் வாங்கினான். பிறகு அமெரிக்காவுக்குள்ளே ஓட்டம் கிடைத்தது. ஐப்பசி மாதம் ஒருநாள் நாயையும், ஒரு பிளேற்றையும், கோழிப்படம் போட்ட ஒரு பையையும் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினான்.

"இரண்டு கிழமை அம்மா. காலமை ஒரு கப், பின்னேரம் ஒரு கப். வேற ஒண்டும் வேண்டாம்."

இரண்டு கிழமை போனது, இரண்டு மாதமும் போனது. கேட்டால், "இப்ப ரெக்சஸில நிக்கிறன், வந்து கதைக்கிறன்" என்பான். நாய்க்கு அவன் வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் "டேய்" என்பேன், அவன் வருவான். இரண்டு பேருக்கும் அது போதும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், இப்படி மெல்ல எழுதுவேன். இங்கிலீசில் என் பெயரும் பஸ் இலக்கமும் தெரியும். அதை வைத்துக்கொண்டு பார்க்டேலில் பதினைந்து வருசம் ஹோட்டல் அறைகள் துப்பரவாக்கி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினேன். என் மனுசன் செத்தபிறகும் என் அப்பாட்மென்ற்றில் என் பாட்டில் இருக்கிறேன். மகளுக்கு அது பிடிக்கவில்லை. அவள் விட்பியில் புது வீடு வாங்கி, கீழ் நிலவறையில் எனக்கென்று ஒரு அறையும் கட்டி வைத்திருக்கிறாள். நல்ல அறைதான். ஜன்னல் மட்டும் மேலே, புல்லுக்குச் சமமாய் இருக்கிறது. அதற்குள்ளே இருந்து பார்த்தால் ஆட்களின் கால்தான் தெரியும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலமை அவள் வருவாள். வேலை நாளில் விட்பியிலிருந்து வர நேரமில்லை, ஞாயிறு பிள்ளைகளின் வகுப்புகள். ஆகவே சனிக்கிழமை. இந்த நாயும் சொல்லிவைத்தமாதிரிச் சனிக்கிழமைதான் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும். திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் ராசாமாதிரி இருக்கும். அவள் காரைக் கீழே நிற்பாட்டுகிற நேரம் பார்த்து இங்கே வயித்தாலே போகும்.

"அம்மா, நான் வாற நேரமெல்லாம் உந்த மணம்தான்."

"நீ வாறதுதான் உவனுக்கு ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

அவள் சிரிக்கவில்லை.

கந்தசஷ்டிக்குத்தான் பெரிய மானக்கேடு நடந்தது. ஆறு நாளும் நான் விரதம். பாலும் பழமும்தான். நாய்க்கு மட்டும் உலை வைத்தேன். விரத நாளில் என் வீட்டில் மச்சம், மீன் இறைச்சி ஒன்றும், புழங்காது. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அந்த நாளில் கோழி மணக்கிற பையை நான் தொடமாட்டேன், மேலே ஒரு பழைய பெற்சீற்றைப் போட்டு மூடிவிடுவேன். நாயும் நான் சமைத்ததைத் தின்னும். அதில் என்ன புதினம். ஐந்தாம் நாள் அவனை வெளியே கொண்டுபோக லிஃப்ற்றுக்குள் ஏறினேன். நாலாம் மாடி தாண்டமுன் அவன் இருந்துவிட்டான். தண்ணியாய். லிஃப்ற்றுக்குள் ஒரு சீனத்து அம்மாவும் அவவின் புதுச் சப்பாத்தும். நான் என் சால்வையாலே துடைத்தேன். பிறகு பக்கற்றும் மருந்துத் தண்ணியும் கொண்டுவந்து லிஃப்ற் முழுக்கக் கழுவினேன். ஹோட்டலில் கழுவிய கை, அது மினுங்கியது. இருந்தும் கட்டிடத்துப் பொறுப்பாளன் கடிதம் போட்டான். அந்தக் கடிதத்தை வாசிக்க மகளிடம்தானே கொடுக்கவேண்டும்.

அவள் இரண்டுதரம் வாசித்தாள்.

"இன்னொருக்கா நடந்தால் நாய் இருக்க ஏலாதாம் அம்மா."

"நடக்காது."

"எப்பிடி நடக்காது? ஒவ்வொரு கிழமையும் நடக்குது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "எங்கட பின்வீட்டில ஒரு குடும்பம் இருக்கு. பெரிய வளவு. அவை எடுக்கினமாம்."

"பழைய சோபாவே, எடுக்கினமாம் எண்டு சொல்லுறாய்?"

"உங்களாலை ஒரு நாயைப் பாக்க ஏலாமல் கிடக்கு. நான் வேற ஒண்டும் சொல்லேல்லை."

அவள் சொல்லாத மிச்சத்தை நான் கேட்டுக்கொண்டேன். நாய் பின்வீட்டுக்குப் போனால், அடுத்தது நான் நிலவறைக்கு. நாயைப் பார்க்க ஏலாத மனுசி தன்னைத் தான் எப்படிப் பார்ப்பாள் என்று அவள் தம்பியோடு போனில் கதைத்தது எனக்குக் கேட்காமலில்லை. காது எனக்கு இன்னும் நல்லாய்த்தான் இருக்கிறது.

அதோடு, இந்த மாடியில் பதினொரு வருசம் இருந்தும் நாய் வரும்வரை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இப்போது காலமையும் பின்னேரமும் கட்டிடத்தைச் சுற்றி நடக்கிறேன். பத்துப் பேர் கை காட்டுகிறார்கள். சப்பாத்து நாசமான சீனத்து அம்மாகூட. இதை நான் மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தனிமை என்பாள், அதற்கும் விட்பிதான் மருந்து என்பாள்.

ஆகவே சாப்பாட்டை மாற்றுவது என்று முடிவானது. கோழிப்படம் போட்ட பையைத்தான் மகள் முதலில் பழி சொன்னாள். "தம்பி மலிவாய்ப் பாத்து வாங்கியிருப்பான்" என்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கீழே குப்பைக்குள் போட்டாள். முக்கால் பை இருந்தது.

இரண்டாவது பையை அவளே வாங்கிவந்தாள். தானியம் இல்லாததாம், அதுதான் திறமாம், அவளுடைய அலுவலகத்தில் எல்லாரும் அதுதானாம். சனிக்கிழமை வயித்தாலே போனது.

மூன்றாவதை நான் போய் வாங்கினேன். நாய்ச்சாமான் விற்கிற அந்தக் கடை எங்கள் மரக்கறிக் கடையைவிடப் பெரிது. ஒரு சுவர் முழுக்கப் பை. ஒவ்வொன்றிலும் நாய்கள் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. குட்டிக்கு, கிழவனுக்கு, கொழுத்ததுக்கு, நொந்ததுக்கு என்று சாதி சாதியாய். நான் படத்தைத்தானே பார்க்கலாம். மாட்டுப் படம் கீறியிருந்த பைகளை விலத்தினேன். மாட்டிறைச்சி என் வீட்டுக்குள் வராது, நாய்க்கென்றாலும் வராது. வேலைக்கு நின்ற பெட்டை பின்னாலேயே வந்து மாட்டுப்பையைத்தான் கையில் தந்துகொண்டிருந்தாள். தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து நொந்தது. கடைசியில் பச்சை நிறத்தில், பெரிய மீன் கீறிய பை ஒன்று எடுத்தேன். அதன் மூலையில் ஒரு வடிவான நாயும் இருந்தது.

சனிக்கிழமை வந்த மகள் பையைப் பின்பக்கம் திருப்பினாள்.

"அம்மா, மீன் எண்டு முன்னுக்குத்தான் படம். உள்ளுக்கு முதலாவதாய்க் கோழிதான் கிடக்கு. படத்தைப் பாக்காதேங்கோ, பின்னுக்கு எழுதியிருக்கிறதைப் பாருங்கோ."

"எழுதினதைப் பாக்கத் தெரிஞ்ச நீ வாங்கின பைக்குத்தானே போன கிழமை நான் முழங்காலிலை நிண்டு கழுவினனான்."

நாயும் அந்த நேரம் பார்த்து வாசலில் போய் அழுதது. இரண்டு பேரும் ஓடினோம்.

நாலாவது பை, வயிறு இளகின நாய்களுக்கென்றே செய்தது. ஐந்தாவது, செம்மறி இறைச்சியாம். இந்த மாடியின் கடைசி வீட்டில் இருக்கிற மன்னார் அக்கா சொல்லி வாங்கினது. அவவின் பேத்தியின் நாய் அதில்தான் குண்டாகி நிற்கிறதாம். அக்கா வேதக்காரி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, நான் அந்தோனியாருக்கும் சொல்லி வைக்கிறன். காணாமல்போனதைத்தான் அவர் கண்டுபிடிக்கிறவர், எண்டாலும் கேட்டுப் பாப்பம்" என்றா.

"என்ர வீட்டில ஒண்டும் காணாமல் போகேல்லை அக்கா. எல்லாம் நிலத்திலைதான் கிடக்கு."

அக்கா சிரித்துச் சிரித்து இருமினா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து பை, ஐந்து சனிக்கிழமைக்கு மேலே போய்விட்டது. ஒரு நாய் தின்னுகிற உருண்டையைத் தெரிந்தெடுக்க இவ்வளவு பேர் வேண்டுமா. மூன்று நேரமும் சோறு தின்று நானும் என் சனமும் வளரவில்லையா. வயிறு என்றால் வயிறுதானே.

தை பிறக்க மகள் என்னையும் நாயையும் மிருக டொக்டரிடம் கொண்டுபோனாள். வெள்ளைக்கார மனுசி. கூட வேலை செய்த பெட்டை நம்முடைய பிள்ளை. இங்கே பிறந்தது, தமிழ் நொண்டி நொண்டி வந்தாலும் முகம் பார்த்துக் கதைக்கிறது. மலத்தைச் சோதித்தார்கள். பூச்சி இல்லை, நோய் இல்லை. அந்தப் பிள்ளை ஒரு பேப்பரை நீட்டினாள்.

"அன்ரி, எவ்ரி டே இதில எழுதுங்கோ. எந்த பூட் தின்னக் குடுத்தீங்கள், அவன்ர பூப் தண்ணியோ கட்டியோ. சரியோ? இப்ப இருக்கிற பாக்கை மாத்தவேண்டாம். ஒரு மன்த்துக்கு ஒரே பாக்."

பேப்பர் முழுக்க இங்கிலீஸ். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து, நகைக்கடைக்காரன் தந்த புதுக் கலண்டரில் என் பாட்டில் குறித்தேன். நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்குக் குறுக்கே இரண்டு கோடு கீறி ஒரு புள்ளடி. எந்தச் சாப்பாடு என்று எழுதவில்லை. மாற்றவேண்டாம் என்று சொல்லியாயிற்று, செம்மறிப் பைதான், பிறகு எழுதுவதற்கு என்ன இருக்கிறது.

மாசியில் திரும்பப் போகிற அன்று, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த மகள் காருக்குள்ளே சொன்னாள். "அம்மா, நான் பின்வீட்டுக்குச் சொல்லிப்போட்டன். டொக்டருக்கு இண்டைக்கும் விளங்காட்டி, ஞாயிற்றுக்கிழமை அவை வந்து பாக்கினம்."

நாய் என் மடியில் நாடியை வைத்துக்கொண்டு படுத்துக்கிடந்தான். விட்பிக்குப் போகப்போகிறவன் தான் இல்லை என்பதுபோல அவனுக்கு ஒரு கவலையுமில்லை.

நான் கலண்டரைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். டொக்டரின் மேசையில் விரித்ததும் மகளுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. மேலே மயிலோடு முருகன் நிற்கிறார், கீழே நாயின் வயிறு. ஆனால் டொக்டர் மனுசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தா. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது அவவுக்கு. விரலை ஒரு புள்ளடியில் வைத்தா, அடுத்ததில் வைத்தா, அதற்கடுத்ததில் வைத்தா. எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டா.

அந்தப் பிள்ளை சொன்னாள். "அன்ரி, உது எல்லாம் சனிக்கிழமையோ?"

"ஓம்."

"டொக்டர் கேக்கிறா, வெள்ளிக்கிழமை உங்கட வீட்டில என்ன நடக்குது?"

"வெள்ளிக்கிழமை என்ன நடக்கும்? குளிப்பன், விளக்கு வைப்பன்."

டொக்டர் விடவில்லை. வரிசைக்கு வெளியே நின்ற இரண்டு புள்ளடிகளைத் தொட்டா. ஒன்றுக்கு முதல்நாள் கட்டத்தில் அமாவாசைக்கு ஒரு கறுப்பு வட்டம். மற்றதுக்கு முதல்நாள் தைப்பூசம், குட்டி வேல் ஒன்று. இது என்ன, இது என்ன என்று கேட்டா. அந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. மகள்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா. வெள்ளியில நீங்கள் உதுக்கு என்ன குடுக்கிறனீங்கள்?"

"சோறு."

"வெறுஞ்சோறோ?"

"வெறுஞ்சோறு ஆர் தின்னுவினம்? சொதியும் விட்டுத்தான். மிளகாய், வெங்காயம் ஒண்டும் போடாமல், அவனுக்கெண்டு தனியாய். முதற்பால்."

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

அந்தப் பிள்ளை டொக்டருக்குச் சொதியை விளங்கப்படுத்தினாள். தேங்காய்ப்பால் என்றதும் டொக்டர் பேனையைக் கீழே வைத்தா. ஆறு நாள் உருண்டை தின்ற வயிற்றில் ஏழாம் நாள் திடீரென்று தேங்காய்ப்பால் போனால் எந்த நாயாலும் பிடித்துவைக்க ஏலாதாம். பையை மாற்றினால்கூட, ஒரு கிழமையாவது பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாய்ப் புதியதைக் கலந்துதான் மாற்றவேண்டுமாம். நாங்கள் ஒரே நாளில் ஒன்றை மூடி மற்றதைத் திறந்தோம். அதுவும் பிழை.

"ஏன் அம்மா ஒருக்காலும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? எல்லாரும் எந்தப் பை, எந்தப் பை எண்டுதான் கேட்டனீங்கள். வெள்ளிக்கிழமை நான் மரக்கறி எண்டு பிறந்த நாள் துவங்கி உனக்குத் தெரியாதோ?"

"நீங்கள் மரக்கறி எண்டு தெரியும். நாயும் விரதம் எண்டு தெரியாது."

பிழை என்னுடையதுதான். அதை அந்த அறையில் வைத்து நான் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். ஐந்து மாதம் அந்தச் சீவனுக்கு நான்தான் என் கையால் வயிற்றைக் கெடுத்தேன், அதுவும் கூடுதல் அன்பாய், முதற்பால் பிழிந்து.

பைகளின் படத்தை மகள் தன் போனில் காட்டினாள். டொக்டர் ஒவ்வொன்றாய்ப் பார்த்தா. நான் வாங்கின மீன்பை குட்டிகளுக்கு உரியது. மூலையில் இருந்த அந்த வடிவான நாய் குட்டி என்று எனக்கு எப்படித் தெரியும், கடையில் இருக்கிற எல்லா நாயும் வடிவுதான். மற்றவை குற்றமில்லை. ஆனால் தானியத்தை விலக்க இந்த நாய்க்கு ஒரு தேவையுமில்லை. வளர்ந்த நாய்க்கு முழுச் சாப்பாடு என்று பின்னுக்கு எழுதியிருக்கவேண்டும், அவன் அதை விரும்பித் தின்னவேண்டும், வயிறு ஏற்கவேண்டும், அவ்வளவுதானாம். பிறகு, முதலில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டா. மகள் தம்பிக்குப் போன் போட்டுப் பெயரைக் கேட்டுச் சொன்னாள்.

டொக்டர், "அது நல்ல சாப்பாடு. அதையே குடுங்கோ" என்றாவாம்.

நான் மகளைப் பார்த்தேன். முக்கால் பை. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது கடையில் நிறுத்திக் கோழிப்பையைத் திரும்பவும் வாங்கினாள். முதற்பை குப்பைக்குள் போனபடியால் வீட்டில் கிடக்கிறதில் இது ஐந்தாவது. கார் ஓடிக்கொண்டே கேட்டாள். "அப்ப இனி வெள்ளியிலயும் பையிலதான் குடுக்கவேணும். குடுப்பியளோ? உண்மையைச் சொல்லுங்கோ அம்மா. இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை அவை வரட்டும்."

அன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு மூன்று நாள் இருந்தது. ஐம்பது வருசத்துக்கு மேலாய் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத கை இது. சண்டைக்காலத்தில் பங்கருக்குள் இருந்தபோதும் தொடவில்லை.

"அவையை வரவேண்டாம் எண்டு சொல்லு" என்றேன். எப்படி என்று எனக்கே அப்போது தெரியாது.

மன்னார் அக்கா வெள்ளியில் நாய்க்குத் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு தீத்துகிறேன் என்றா. "ஆனா தங்கச்சி, தவக்காலம் வருகுது. வெள்ளியில எனக்கும் மச்சமில்லை. உன்ர நாய்க்கு எங்க போனாலும் விரதம்தான்." நான் வேண்டாம் என்றேன். என் நாய்க்கு அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிடவேண்டிய நிலைமை இல்லை.

இப்போது இப்படித்தான் நடக்கிறது. வியாழக்கிழமை பின்னேரமே இரண்டு கப் உருண்டையை அளந்து, மூடி இறுக்கமான தகர டின் ஒன்றில் போட்டுப் பல்கனியில் வைத்துவிடுவேன். பை ஐந்தும் பெற்சீற்றுக்குக் கீழே போய்விடும். வெள்ளி காலமை குளிக்கமுன் அவனைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பாதியைக் கொட்டுவேன். பின்னேரம் விளக்கு வைக்கமுன் மிச்சம். அதன்பிறகு கை கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே. பல்கனிக்குக் கூரை இருக்கிறது, ஆனால் சுவர் இல்லை. அது வீடு இல்லை என்பது என் முடிவு. யாரையும் கேட்கவில்லை, ஐயரையும் கேட்கவில்லை.

போன வெள்ளி சரியான குளிர். என் மனுசனின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் சால்வை கட்டிக்கொண்டு நின்றேன். பல்கனிக் கம்பியில் விரல் மொத்தத்துக்குப் பனி. இந்த மடையன் ஒவ்வொரு உருண்டையாய் எடுத்து, நிலத்தில் வைத்து மணந்து பார்த்து, பிறகு கடிக்கிறான். மற்ற நாளில் ஒரு நிமிசத்தில் பிளேற்றை நக்கி முடிக்கிறவன். இடைக்கிடை நிமிர்ந்து என் கையைப் பார்க்கிறான். சொதி வரும் என்று நினைக்கிறான்போல.

"வராது. உதைத் தின்."

சனிக்கிழமை மகள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றமுன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நான் கலண்டரைக் காட்டினேன். மாசியில் டொக்டரிடம் போன நாளிலிருந்து ஒரு புள்ளடியும் இல்லை, நாலு சனிக்கிழமையும் வட்டம். அவள் பல்கனிக் கதவால் வெளியே பார்த்தாள். பனியில் என் செருப்பின் அடையாளமும் பக்கத்தில் நாலு காலின் அடையாளமும் அப்படியே கிடந்தன.

"அம்மா, உந்தக் குளிருக்குள்ள..." என்று தொடங்கினாள்.

"தேத்தண்ணி போடட்டோ?" என்றேன்.

"போடுங்கோ" என்றாள்.